கூழ்முட்டை என்று நான் சொல்லமாட்டேன்

மகனே,

உன் வருங்கால மாமிக்குச் சொல்லச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னிடம் கேட்ட பொய்யைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். "அம்மா, ஒரேயொரு வசனம் தானே. முட்டையெல்லாம் முதலே கூழாப் போட்டுது, நீங்கள் சட்டி வைச்சதால ஒண்டும் நடக்கேல்லை எண்டு மாமிக்குச் சொல்லுங்கோவன். அவ சாப்பிடத் தொடங்கியிடுவா, கலியாணமும் சொன்ன திகதியில நடக்கும், எல்லாருக்கும் நிம்மதி" என்றாய். நான் பேசாமல் இருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, "தாங்க்ஸ் அம்மா, லவ் யூ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். நான் வாய் திறப்பதற்குள் நன்றி சொல்லி முடிக்கிற கெட்டித்தனம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வெட்டி நீ நன்றி சொல்ல முடியாது.

கலியாணத்துக்கு முன் தாய் மகனுக்கு எழுதும் கடிதத்தில் கொஞ்சம் கண்ணீரும் கொஞ்சம் புத்திமதியும், கடைசியில் "என் வளர்ப்பில் பிழை இருந்தால் மன்னித்துக்கொள்" என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும் என்பது முறை. புத்திமதி இருக்கிறது, தருகிறேன். மற்ற இரண்டையும் எதிர்பார்க்காதே. இதை ஒட்டாத உறையில் போட்டு ஆரணியின் பிளாட்டுக்குத்தான் அனுப்பப் போகிறேன். நீ கட்டப்போகிற பெட்டை இதை உனக்கு முன் வாசித்தாலும் எனக்குச் சம்மதம். அவளுக்குத் தெரியாத விஷயங்கள் இருப்பதால் ஆதியிலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்த இடங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு வாசி.

ஆரணி, இவன் பதினைந்து வயதில் என்னிடம் ஒரு பாம்பு கேட்டான். நாய் கேட்கிற வயதில் பாம்பு. றோயல் பைதன் என்று சொல்லுகிற ஆபிரிக்க மலைப்பாம்புக் குட்டி. விஷம் இல்லை, பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். "எல்லாம் நானே பாப்பன் அம்மா, நீங்கள் அந்த அறைக்குள்ளேயே வரத் தேவையில்லை" என்று தகப்பன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். வால்தம்ஸ்டோவில் இந்த வீட்டின் சின்ன அறையில் கண்ணாடிப் பெட்டி வந்தது. குட்டிக்குக் கில்லர் என்று பெயர் வைத்தான். மூன்று வருடம் கழித்து மான்செஸ்டருக்குப் படிக்கப் போனபோது உடுப்பை எடுத்தான், கம்ப்யூட்டரை எடுத்தான், தலையணையைக்கூட எடுத்தான். கில்லரை எடுக்கவில்லை. "அங்க விடமாட்டினம் அம்மா, அடுத்த மாதம் ஆரிட்டயாவது குடுக்க ஒழுங்கு பண்ணுறன்" என்றான். அந்த அடுத்த மாதம் இன்னும் வரவில்லை.

எனக்குப் பாம்பென்றால் அருவருப்பு. யாழ்ப்பாணத்தில் வீட்டின் பின்பக்கக் கோடியில் பாம்பு கண்டால் மண்ணெண்ணெயும் உலக்கையும் தேடுகிற வீட்டில் பிறந்தவள் நான். ஆனால் முப்பது வருடம் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் கிருமி வளர்க்கிற தட்டுகளுக்குச் சூடு பார்த்தவளும் நான்தான். பெட்டிக்குள் ஒரு சீவன் தப்பான சூட்டில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க என்னால் ஏலாது. மகனே, நீ மான்செஸ்டருக்குப் போன அதே வாரம் பெட்டியைப் பார்த்தேன். சூடு காட்டுகிற கருவி கண்ணாடியின் மேல் பக்கத்தில் அழகாக ஒட்டியிருந்தது. பாம்பு கிடப்பது தரையில். தரையில் என் கையை வைத்தேன், குளிர்ந்து கிடந்தது. மூன்று வருடமாக நீ பார்த்தது பாம்புக்கு எட்டாத இடத்தின் சூட்டை. அது அடிக்கடி தின்னாமல் கிடந்ததற்கு அதுதான் காரணம். நீ அதற்குக் கோபம் என்று சொன்னாய்.

பாம்பு வளர்ப்பது சாப்பாட்டு வேலை என்று ஆட்கள் நினைக்கிறார்கள். அது சூட்டு வேலை. அதற்குத் தன் உடம்பில் சொந்தச் சூடு இல்லை. பெட்டியின் ஒரு பக்கம் முப்பத்திரண்டு பாகை, மறுபக்கம் இருபத்தாறு என்று வைத்துக் கொடுத்தால், தின்றதும் சூட்டுப் பக்கம் போகும், செமித்ததும் குளிர்ப் பக்கம் வரும். தனக்கு என்ன வேண்டும் என்று அதற்குத் தெரியும், தெரிவு செய்ய இரண்டு பக்கமும் நாங்கள் கொடுக்க வேண்டும். நீயும் அப்படித்தான், எந்த அறையில் நிற்கிறாயோ அந்த அறையின் சூடுதான் உனக்கு. என்னோடு நின்றால் என் பக்கம், மாமியோடு நின்றால் மாமி பக்கம், வேலையிடத்தில் வேலையிடத்தின் பக்கம். பாம்புக்கு அது கடவுள் கொடுத்த உடம்பு. உனக்குப் பத்து மாதம் சுமந்து நான் கொடுத்த உடம்பு வேறு.

கில்லர் பெண் என்று மிருக வைத்தியர் சொன்ன நாளில் அதற்குச் சிவலை என்று பெயரை மாற்றினேன். ஊரில் செந்நிறப் பசுவுக்கு வைக்கிற பெயர். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் என்னைப் பார்த்துத் தலையைத் தூக்கிய சீவன் அது ஒன்றுதான். ஆண் ஒன்று வாங்கினேன். பின் தோட்டத்து அறைக்குச் சுவரில் பஞ்சு அடைத்து, பெட்டிகளை அங்கே கொண்டுபோனேன். இணை சேர்ப்பதற்கும் சூடுதான் திறப்பு. மார்கழி மாதம் இரவுச் சூட்டை மெல்ல மெல்ல, ஒவ்வொரு பாகையாக இறக்க வேண்டும். மாரி வந்துவிட்டது என்று அவை நம்ப வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்கினால் சளி பிடித்து மூக்கால் குமிழி விடும். தை கழிய மெல்லமாக ஏற்ற வேண்டும். கலியாணம் கட்டப்போகிற உனக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்: வீட்டுக்குள் குளிர் வரத்தான் செய்யும், அதை மெல்ல வரவிடத் தெரிந்தவன்தான் குடும்பம் நடத்துவான். நீ சூட்டையே ஒரே நாளில் அணைத்துவிட்டுப் போகிறவன்.

இந்த வருடம் பங்குனியில் சிவலை ஏழு முட்டை இட்டது. பாம்பு முட்டையை உருட்டக் கூடாது, இட்ட வாக்கில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஈரமான துகள் நிரப்பிய மூடிப் பெட்டியில் வைத்தேன். மாடிப்படி முடிகிற இடத்தில், முன்பு சுடுதண்ணீர்த் தாங்கி இருந்த கபேட், அந்தச் சுவர் அலுமாரி, புதுப் பொயிலர் வந்த பிறகு சும்மா கிடந்தது. அதன் சுவரைச் சுற்றிச் சூட்டுக் கம்பி ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் பூட்டி, மேல் தட்டில் முட்டைப் பெட்டியை வைத்தேன். முப்பத்தொன்றரைப் பாகை. கொஞ்சம் குளிர்ந்தால் குட்டி பிந்திப் பொரிக்கும், அவ்வளவுதான். சூடு ஏறினால் முதுகு வளைந்து பிறக்கும், இன்னும் ஏறினால் உள்ளேயே அவியும். அதனால் தன் வயரை முட்டைப் பெட்டிக்குள் விட்டு, சூடு கூடினால் அடிக்கிற ஒரு அலாரத்தையும் கபேட் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கவிட்டேன். வெளிச்சம் பிடித்துப் பார்த்தால் முட்டைக்குள் சிவப்பு நரம்பு ஓடியது. ஏழிலும் ஓடியது. அவற்றைத்தான் கூழ்முட்டை என்று சொல்லச் சொல்கிறாய்.

இப்போது உன் கதைக்கு வருவோம். ஆரணியை உனக்குப் பேசி முற்றாக்கிய நாளில், அவள் தாய் சுவிசில் இருந்து என்னோடு வீடியோவில் கதைத்தார். "அக்கா, தனிய இருக்கிறியள், பொழுது எப்பிடிப் போகுது?" என்று கேட்டார். நான் வாயெடுக்க முன் நீ பக்கத்தில் இருந்து, "அம்மாவுக்குத் தோட்டமும் கோயிலும் தான் மாமி" என்றாய். என்னை நினைக்க வெட்கமாக இருந்தது உனக்கு. தோட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நீ ஒரு அறை நிறைய மலைப்பாம்பைத் தோட்டத்துக்குள் மறைத்தாய். பிறகு என்னிடம் சொன்ன நியாயம் என்ன? "அவைக்கு நாகதோஷம், ராகு கேது எண்டு சரியான பயம் அம்மா. ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைக் கட்டலாம் எண்டு நீங்களே சொல்லுவியள்." அந்தப் பழமொழி தரகனுக்குச் சொன்னது. அவன் பொய்யைச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். நீ அதே வீட்டில் படுத்து எழும்ப வேண்டியவன்.

வைகாசியில் என் முழங்கால் ஒப்பரேஷனுக்குத் திகதி வந்தது. வருடக்கணக்கில் காத்திருந்த திகதி, தள்ளிப்போட ஏலாது. முட்டை பொரிக்கிற வாரமும் அதுதான். உன்னை வீட்டில் வந்து நிற்கச் சொன்னேன். உனக்கு நான் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: ஒன்றும் செய்யாதே. கபேட்டைத் திறக்காதே, முட்டையைத் தொடாதே. அலாரம் அடித்தால் மட்டும் கபேட்டுக்கு வெளியே சுவரில் இருக்கிற பிளக்கைப் பிடுங்கு, பிறகு எனக்குப் போன் எடு. குளிர் ஒரு இரவு தாங்கும், சூடு தாங்காது. "ஓம் அம்மா, ஓம் அம்மா, விளங்குது" என்றாய். உன் "ஓம் அம்மா"வை நம்பி நான் மயக்க ஊசிக்குக் கையை நீட்டினேன்.

அதே வாரம் கூறைச்சீலை பார்க்கச் சம்பந்தி சுவிசில் இருந்து வந்தார். ஆரணியின் பிளாட்டில் இடம் இல்லை என்று எங்கள் வீட்டிலேயே தங்க வைத்தாய். அது நல்ல காரியம், அதைக் குறை சொல்லமாட்டேன். வந்த அன்று மாடியில் அந்தக் கபேட்டைத் தொட்டுப் பார்த்து, "இதென்ன தம்பி, கதவெல்லாம் இளஞ்சூடா இருக்கு?" என்று அவர் கேட்டிருக்கிறார். "அது சுடுதண்ணிக் கபேட் மாமி, உடுப்புக் காயப்போடுறது" என்று சொன்னாய். கண்ணை மூடித் திறக்கவில்லை, பொய் வந்துவிட்டது.

லண்டனில் வைகாசியிலும் தோசை மா புளிக்காது என்பது இங்கே சமைக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஒருத்தி ஓவன் அடுப்புக்குள் விளக்கைப் போட்டு வைப்பாள், ஒருத்தி கம்பளியால் சுற்றுவாள், சுடுதண்ணிக் கபேட் உள்ளவள் யோசிக்கவே மாட்டாள். நான் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று கேள்விப்பட்டு, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் நாக்குச் செத்திருக்கும் அக்காவுக்கு என்று அந்த மனுசி வெள்ளிக்கிழமை காலையே உழுந்து ஊறப்போட்டிருக்கிறார். கிரைண்டர் சூடேறாமல் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, பெரிய எவர்சில்வர் சட்டியில் வழித்து, அந்தக் கபேட்டின் கீழ்த் தட்டில் கொண்டுபோய் வைத்தார். மேல் தட்டில் துவாய் போர்த்த பெட்டியைக் கண்டவர், குளிர்கால உடுப்பு என்று நினைத்தார். சட்டிக்கு இடைஞ்சலாக ஒரு வயர் தொங்கியது. துப்புரவான மனுசி, அதைச் சுருட்டிச் சட்டிக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவிட்டார். அந்த வயரின் நுனியைக் கொண்டுதான் தெர்மோஸ்டாட் சூட்டை அறிகிறது. அதற்குக் கபேட் தெரியாது, முட்டை தெரியாது, தன் நுனி தொடுகிற இடம் மட்டும்தான் தெரியும். நுனி ஐஸ் தண்ணீர்ச் சட்டியைத் தொட்டுக்கொண்டு, குளிருது, குளிருது என்று சொல்ல, கம்பி விடாமல் காய்ந்தது. சூடு மேலே ஏறியது. மேல் தட்டில்தான் முட்டை.

சனி மத்தியானம் நீ என்னைக் காரில் கொண்டுவந்து இறக்கினாய். மேசையில் தோசையும் சம்பலும் இருந்தன. சம்பந்தி என் கையைப் பிடித்து இருத்தி, "அக்கா, மா என்னமாப் பொங்கினது தெரியுமோ, மூடியையே தள்ளிப்போட்டுது" என்று சொல்லிச் சொல்லிப் போட்டார். நான் இரண்டு தோசை சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஊன்றுகோலோடு ஒவ்வொரு படியாக மேலே ஏறினேன். நீ கீழே இருந்து, "அம்மா, பிறகு பாக்கலாம், ரெஸ்ட் எடுங்கோ" என்று கத்தினாய். கபேட்டைத் திறந்ததும் மணத்திலேயே விளங்கிவிட்டது. முட்டைகள் வேர்த்துக் குழிந்து மஞ்சளாய்க் கிடந்தன. ஒன்றைக் கத்தரியால் வெட்டினேன். உள்ளே முழுக் குட்டி. தாயின் நிறம், தாயின் கோலம், கண் கூட உருவாகி முடிந்திருந்தது. இன்னும் இரண்டு மூன்று நாளில் மூக்கால் முட்டைத் தோலைக் கீறிக்கொண்டு தலையை நீட்டியிருக்கும். ஏழையும் வெட்டினேன். ஏழும் அப்படித்தான்.

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் குந்திக் குந்தி இறங்கி வந்து, அதைச் சாப்பாட்டு மேசையில் சம்பல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சம்பந்தி வாயில் தோசையோடு பார்த்தார். "உங்கட மா புளிச்ச கபேட்டில இருந்தது. சாகாமல் இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமை பிறந்திருக்கும்" என்றேன். அந்த மனுசி சாப்பாட்டுக் கையோடு குசினிக்கு ஓடிச் சத்தி எடுத்த சத்தம் உனக்குக் கேட்டது, எனக்கும் கேட்டது. நான் செய்தது கொடுமை என்று நீ பிறகு சொன்னாய். கொடுமைதான். தெரிந்துதான் செய்தேன். ஆனால் அந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவரை அல்ல, உன்னை. மாமிக்குத் தண்ணீர் கொடுக்க நீ எழும்பவில்லை, பெட்டிக்குள் என்ன என்று எட்டிப் பார்க்கவும் இல்லை. தோசைத் தட்டை மெல்லத் தள்ளிவிட்டுப் போனைக் கையில் எடுத்தாய்.

அன்றே அவர் ஆரணியின் பிளாட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒரு நேரப் பாலும் பழமும்தான். "முட்டைக்குள்ள முழுசா வளந்த பாம்புக் குஞ்சை அவிச்சுச் சாக்காட்டிப்போட்டன். என்ர பிள்ளையின்ர வயித்தில ஒண்டும் தங்காது" என்று ஆரணியின் பிளாட்டில் சாமிப்படத்துக்கு முன்னால் அழுகிறாராம். பாம்புத் தெய்வம் நாகதம்பிரானுக்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார். ஊருக்குப் போய் அதைத் தீர்த்த பிறகுதான் கலியாணம் என்கிறார். மண்டபம், மேளம், படம் எடுக்கிறவன் எல்லாம் ஒழுங்கு செய்த உனக்கு அது தலையிடி. எனக்கு ராகுவிலும் கேதுவிலும் நம்பிக்கை இல்லை, தெர்மோஸ்டாட்டில்தான் நம்பிக்கை. ஆனால் அவர் நம்புகிறார். தன் கையால் தன் பிள்ளையின் வம்சத்தை அறுத்துவிட்டதாக ஒரு தாய் நம்பிக்கொண்டு பட்டினி கிடக்கிறாள். அது உனக்கு ஒரு வசனத்தால் சரிசெய்கிற விஷயம்.

இனி உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஆரணி, இதைக் கவனமாக வாசி. அன்று பின்னேரம் கபேட் கதவில் தொங்கிய அலாரத்தைக் கையில் எடுத்தேன். அதன் திரை வெறுமையாய் இருந்தது. பின் மூடியைக் கழற்றினால் பற்றறி இல்லை. உன்னைக் கேட்டேன். முதலில் பற்றறி தீர்ந்திருக்கும் என்றாய். பிறகு விழுந்திருக்கும் என்றாய். மூன்றாம் தரம் கேட்டபோதுதான் உண்மை வந்தது. "வெள்ளிக்கிழமை பின்னேரம் அடிச்சது அம்மா. மாமி பக்கத்தில நிண்டவ. என்ன சத்தம் தம்பி எண்டு கேட்டா. பிளக்கைப் பிடுங்கினால் ஏன் எண்டு கேப்பா, எல்லாம் தெரிஞ்சுபோகும். ஸ்மோக் அலாரம், பற்றறி பழசு எண்டு சொல்லிக் கழட்டிப்போட்டன். அவ படுத்த பிறகு பாப்பம் எண்டு இருந்தனான், மறந்துபோனன்." பிளக்கைப் பிடுங்க ஒரு விரல் போதும். அது அடிக்கத் தொடங்கியபோது முட்டை சாகவில்லை, அது சாவதற்கு முன் அடிப்பதற்காகத்தான் நான் அதை வாங்கினேன். சட்டி வைத்தது அவர். கொன்றது நீ. அந்த வித்தியாசத்தை அறிந்துகொண்டுதான் அந்த மனுசியைப் பட்டினி கிடக்க விட்டிருக்கிறாய். அது போதாதென்று என்னிடம் பொய்யும் கேட்கிறாய்.

உன் பொய்கள் யாரையும் நோகடிப்பதற்காக அல்ல என்று எனக்குத் தெரியும். முன்னால் நிற்கிற ஆளின் முகம் கோணக் கூடாது என்பதற்காகச் சொல்கிறவை. அதனால்தான் எல்லாரும் உன்னைத் தங்கமான பிள்ளை என்கிறார்கள். உன் அப்பாவின் கடைசி நாளைப் பற்றி இதுவரை நான் உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நீ தாங்கமாட்டாய் என்று இருந்தேன். இப்போது தாங்கு. அன்று காலை ஆஸ்பத்திரியில் இருந்து உனக்குப் போன் எடுத்து, அதை அவர் காதில் வைத்தேன். "அப்பா, ஸ்டேஷனுக்கு வந்திட்டன், இந்தா பத்து நிமிசத்தில உங்களுக்குப் பக்கத்தில நிப்பன்" என்றாய். நீ அப்போது மான்செஸ்டர் ஸ்டேஷனில் நின்றாய். அவருக்கு அது தெரியாது, லண்டன் ஸ்டேஷன் என்று நினைத்தார். நோவு கூடி நேர்ஸ் ஊசியோடு வந்தபோது கையைத் தட்டிவிட்டார். "ஊசி போட்டால் நித்திரை கொண்டிடுவன். பிள்ளை வாறான். வந்து போகட்டும்" என்றார். அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் நேர்ஸ் வந்தார், ஒவ்வொரு முறையும் அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நீ வர மத்தியானம் கடந்துவிட்டது. அதற்குள் முடிந்துவிட்டது. ஊசி போட்டிருந்தால் நோகாமல் போயிருப்பார். அவர் முகம் கோணக் கூடாது என்று நீ சொன்ன பத்து நிமிடத்துக்காக அந்த மனிதன் அத்தனை நேரம் துடித்தார். செத்த வீட்டில் எல்லாரும், "பாவம், பெடியன் எவ்வளவு ஓடி வந்தவன்" என்று உன்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் கட்டிப்பிடித்தேன். அந்த நேரத்தில் உன் முதுகில் என் நகம் பட்டது தற்செயலாக அல்ல.

பெற்ற மனம் பித்து என்பார்கள். எனக்கு அந்தப் பித்து அன்று தெளிந்துவிட்டது. இந்த இடத்தில் மற்றத் தாய்மார், "உன்னை இப்படி வளர்த்தது என் பிழை" என்று எழுதுவார்கள். நான் எழுதமாட்டேன். நான் உனக்குச் சோறும் படிப்பும் உண்மையும் தந்துதான் வளர்த்தேன். சோற்றையும் படிப்பையும் எடுத்துக்கொண்டாய்.

மேலே உள்ளதை நேற்றுக் காலை எழுதினேன். முடிவில் உனக்கு ஒரு வழி வைத்திருந்தேன். நீயே போ, ஆரணியைப் பக்கத்தில் இருத்தி, மாமிக்கு முன்னால் நின்று, அலாரம் அடித்ததையும் நீ கழற்றியதையும் உன் வாயால் சொல்லு, அந்த மனுசியின் தலையில் இருக்கிற பாவத்தை எடுத்து உன் தலையில் வை, அதற்குப் பிறகு நான் ஆயிரம் மன்னிப்பேன் என்று எழுதி முடிக்க நினைத்தேன். தாய்தானே. வசனத்தைக்கூட மனதில் ஒழுங்கு செய்து வைத்திருந்தேன். அதற்குள் வாசல் மணி அடித்தது.

சம்பந்தி தனியாக பஸ் மாறி மாறி வந்திருந்தார். கையில் ஒரு போத்தல் பால். முகம் பாதியாய்ப் போயிருந்தது. "அக்கா, தாய்ப் பாம்பிட்ட மன்னிப்புக் கேக்க வேணும், காட்டுவியளோ?" என்றார். பாம்பு பால் குடிக்காது என்று நான் சொல்லவில்லை. ஊன்றுகோலோடு தோட்டத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிவலை சூட்டுப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. முட்டை இட்ட பிறகு வயிறு ஒட்டி, இப்போதுதான் கொஞ்சம் தேறி வருகிறது. அவர் வாசலிலேயே நின்று கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "மெய்யாச் சொல்லுங்கோ அக்கா, அதுகளுக்கு உயிர் இருந்ததோ? முதலே கூழாப் போட்டுது எண்டு தம்பி சொல்லுறார். நீங்களும் சொல்லுவியள் எண்டு சொன்னவர்" என்றார்.

எனக்கு முன்பே என் பொய்யையும் நீ சொல்லி முடித்திருக்கிறாய்.

"உயிர் இருந்தது" என்றேன். "அப்ப நான் தானே அதுகளைச் சாக்காட்டினது?" என்றார் அவர். "இல்லை. நீங்கள் சட்டி வைச்சனீங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு அலாரம் அடிச்சதெல்லே, அது முட்டைக்கு அடிச்சது. அது அடிக்கேக்க பிளக்கைக் கழட்டியிருந்தால் ஏழும் பிழைச்சிருக்கும். என்ர மகன் பற்றறியைக் கழட்டினவன்" என்றேன். அவர் விரலை மடித்து எண்ணத் தொடங்கினார். "ஸ்மோக் அலாரம் எண்டவர்" என்றார். "ஓம்." "கபேட் உடுப்புக் காயப்போடுறது எண்டவர்." "ஓம்." "நான் உவ்வளவு நாளும் சாப்பிடாமல் கிடந்ததைப் பாத்துக்கொண்டு இருந்தவர்." நான் தோட்டத்து அறையைச் சாத்தினேன்.

அவர் குசினிக்கு வந்து கதிரையில் இருந்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. நான் சோறும் பருப்பும் சூடாக்கி முன்னால் வைத்தேன். மறுக்காமல் சாப்பிட்டார், பசித்த ஆள் சாப்பிடுகிற மாதிரிச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்து, நாகத்தைப் பற்றியும் கேட்கவில்லை, தோஷத்தைப் பற்றியும் கேட்கவில்லை. "அக்கா, நீங்கள் பெத்தனீங்கள், உங்களுக்குத்தான் தெரியும். என்ர பிள்ளையோடயும் இவர் இப்பிடித்தான் இருப்பாரோ?" என்று கேட்டார்.

மகனே, ஒரு பொய் சொல்லச் சொல்லி நீ என்னைக் கேட்டிருந்தாய். அதைச் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சின்னப் பெடியன், கலியாணம் கட்டினால் திருந்திவிடுவான், மனம் தங்கம் என்று எந்தத் தாயும் சொல்வாள். எனக்கும் அது நாக்கு நுனியில் வந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டி, கோட்டைப் போட்டுக்கொண்டு, பால் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆரணிக்கு என்ன சொல்வார் என்று தெரியாது. கலியாணம் நடக்குமா என்று என்னிடம் போன் எடுத்துக் கேட்காதே, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் இந்தக் கடிதத்தை உனக்கு முன் வாசித்திருப்பாள். நடந்தால் நல்ல சேலை உடுத்து வந்து முன்வரிசையில் இருப்பேன், உன் தலையில் அறுகரிசி போட்டு வாழ்த்துவேன். அங்கேயும் யாராவது பக்கத்தில் வந்து இருந்து உன்னைப் பற்றிக் கேட்டால், நேற்றுச் சொன்னதையே சொல்வேன்.

அம்மா